பரமேஸ்வரன் வீட்டு இத்தாலி வண்டி

மந்திரமூர்த்திக்கு அந்த வண்டி தேவையே இல்லை. குற்றாலத்தில் சீசன் லாட்ஜ் நடத்துகிறவனுக்கு அறுபது வருஷத்துக்கு முந்தின, ஓடாத இத்தாலி மோட்டார் சைக்கிள் எதற்கு? ஆனால் அது பரமேஸ்வரன் வீட்டு வண்டி. பரமேஸ்வரன் அவன் மனைவி முத்துசெல்விக்கு அத்தை மகன், முறை மாப்பிள்ளை. இவளுக்கு அவன்தான் என்று அச்சன்புதூரே பேசி வைத்திருந்தது. ஜாதகம் சேராமல் போனதால் மந்திரமூர்த்திக்குக் கிடைத்தாள். கல்யாணத்தில் முறைக்கு உள்ள மாலையையும் வேட்டியையும் வாங்கிக்கொண்டு, ஏதோ போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்தவன் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தான் பாருங்கள் அந்தப் பரமேஸ்வரன், இருபத்திரண்டு வருஷமாகியும் மந்திரமூர்த்திக்கு வயிறு எரிகிறது.

பரமேஸ்வரன் இப்போது பெங்களூரில். அச்சன்புதூர் வீட்டை விற்றபோது, தொழுவத்தில் கிடந்த அவன் அப்பாவின் வண்டியை மந்திரமூர்த்தி ஆள் விட்டுப் பழைய இரும்பு விலைக்கு வாங்கினான். சீட் இருந்த இடத்தில் எலி குட்டி போட்டிருந்தது. அதை ஓட வைத்து, முத்துசெல்வியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அச்சன்புதூர்த் தெருவில் ஊர் பார்க்க ஒரு சுற்று வரவேண்டும். அற்ப ஆசைதான். அதை அவனும் அறிவான்.

கடையநல்லூர் அஹ்சன் பாய் வளைகுடாவில் பதினைந்து வருஷம் பழைய வண்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து தென்காசியில் பட்டறை போட்டிருப்பவர். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு கணக்குச் சொன்னார். ஓடினால் போதும் என்றால் இங்கே கிடைக்கிற சாமானை வைத்து அறுபதாயிரத்தில் ஒப்பேற்றிவிடலாம். கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே வேண்டுமென்றால் சாமான் இத்தாலியிலிருந்து வரவேண்டும், இரண்டே முக்கால் லட்சம்.

அறுபதுதான் என்று முடிவு செய்துவிட்டு, சும்மா ஒரு பேச்சுக்கு முத்துசெல்வியிடம் சொன்னான். கொத்தமல்லிக் கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்காமல் கடையை விட்டு நகராதவள், அறுபதுக்கே வீட்டை ரெண்டாக்குவாள் என்றுதான் நினைத்தான். அவளோ அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "முழுசாவே செய்யுங்க" என்றாள். தன் சீட்டுப் பணம் ஒன்றரை லட்சத்தைத் தருவதாகவும் சொன்னாள். லாட்ஜ் மாடி ஒழுகுகிறது என்று போன மாதம் இவன் கெஞ்சியபோது அசையாத பணம் அது. மந்திரமூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவளும் பட்டறைக்கு வந்தாள். முன் விளக்கை முந்தானையால் துடைத்தாள். டேங்க் பாய் நினைத்த மாதிரி சிவப்பில்லை, இளநீலம் என்றாள். கியர் வலது கால் பக்கம், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது முரண்டு பிடிக்கும், ஒரு நொடி பொறுத்து மிதித்தால் விழும் என்றாள். சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை அவன் பார்த்ததில்லை.

எத்தனை தடவை பரமேஸ்வரன் பின்னால் உட்கார்ந்து போயிருந்தால் இவ்வளவு தெரியும்? தோளைப் பிடித்துக்கொண்டா, இடுப்பைப் பிடித்துக்கொண்டா?

அவள் டீ சொல்ல எதிர்க்கடைக்குப் போனதும் மந்திரமூர்த்தி பாயைப் பிடித்துக்கொண்டான். அறுபதுக்கு மேல் ஒரு பைசா கிடையாது, டேங்குக்குக் கறுப்பு அடித்தால் போதும், எவனோ ஏற்றிக்கொண்டு சுற்றிய வண்டிக்கு நான் ஏன் அழவேண்டும் என்று பொரிந்து தள்ளினான்.

பாய் ஸ்பானரைக் கீழே வைத்தார். "மூணாவது கியர் முரண்டு பிடிக்குதது பின்னால உக்காந்தவுகளுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? மிதிச்ச காலுக்குல்லா தெரியும்."

டீயோடு வந்தவளிடம் நேராகவே கேட்டுவிட்டான்.

"நான்தான் ஓட்டுனேன்" என்றாள் முத்துசெல்வி. "மாமா மதியம் உறங்கும்போது குளத்துக்கரை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயி. பரமேஸ்வரன் அத்தானுக்குச் சைக்கிளே ஒழுங்கா வராது." டம்ளரை நீட்டியபடியே சொன்னாள்: "கல்யாணம் ஆன புதுசுல ஸ்கூட்டி கேட்டேன். நான் இருக்கும்போது ஒனக்கு எதுக்கு வண்டின்னுட்டிய. பெறவு நான் கேக்கல."

இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு பரமேஸ்வரன் மந்திரமூர்த்தியின் வயிற்றை விட்டு இறங்கிப் போனான். ஆனால் எரிச்சல் இறங்கவில்லை. முன்னைவிட மோசமாக எரிந்தது. தான் இல்லாமலே, எந்த ஆம்பிளையும் இல்லாமலே, இவள் அத்தனை சந்தோஷமாக இருந்திருக்கிறாள். இவனிடம் வந்த பிறகு அது அவளுக்கு வாய்க்கவே இல்லை. அந்தக் குளத்துக்கரைப் பெண்மீது அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

"முழுசாச் செஞ்சிருங்க பாய். நீலமே அடிங்க" என்றான். சீட்டுப் பணம் வேண்டாம், எல்லாம் தன் கைக்காசு என்று அவளைப் பார்க்காமல் சொன்னான்.

அப்படியானால் இன்னொரு விஷயம் என்றார் பாய். கம்பெனி கொடுத்தது ஒற்றை சீட்தான். இரட்டை சீட் வேண்டுமென்றால் தனியாகச் செய்யவேண்டும், பன்னிரண்டாயிரம் கூட ஆகும், பார்வைக்கும் அசல் மாதிரி இருக்காது. என்ன செய்யலாம் என்று முத்துசெல்வியிடம் கேட்டார்.

 ஒற்றைதான் அவளுக்குப் பிடித்தம் என்று முகமே சொன்னது.

"ரெட்டையாப் போடுங்க" என்றான் மந்திரமூர்த்தி. "நான் எங்கன உக்காருதது?"