இரண்டாவது கைத்தட்டு

கோல் விழுந்துவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்த அணியில் இப்படி ஒரு விதி இருப்பதாக எவரும் எவருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. புதிதாகச் சேருகிறவன் முதல் ஆட்டத்திலேயே பார்த்துத் தெரிந்துகொள்வான். பந்து வலைக்குள் போனதும் பத்துப் பேரும் நடுவட்டத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிடுவார்கள். பந்தை எடுப்பது கோல்கீப்பரின் வேலை. குனிந்து எடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்காமலிருப்பது மற்றவர்களின் வேலை. அவன் பந்தைக் கையுறையால் துடைத்துக் கீழே வைப்பான். இரண்டு முறை கை தட்டுவான். உதைப்பான். முதுகுகளுக்கு இடையே பந்து உருண்டு போன பிறகுதான் மற்றவர்களுக்கு உயிர் வரும். தோற்பதையே வாடிக்கையாகக் கொண்ட ஓர் அணியில் ஒருவனுக்குச் செய்யக்கூடிய மரியாதை வேறு என்ன இருக்கிறது?

கோல்கீப்பரின் தம்பி அண்ணனின் கையுறைகளைக் கொடியில் மறுபடியும் திருப்பிப் போட்டான். நேற்று மாலை ஆஸ்பத்திரியில் ஒரு பாலிதீன் பைக்குள் போட்டுக் கொடுத்தார்கள். வந்ததும் வராததுமாக அலசிக் காயப்போட்டவன் அவன்தான். அதே கொடியில் கிடந்த துண்டும், அண்ணியின் புடவையும், அவனுடைய நான்காம் எண் ஜெர்சியும் மொறமொறவென்று காய்ந்துவிட்டன. கையுறைகள் மட்டும் காயவில்லை. விரல் நுனிகளில் நீர் சேர்ந்து நின்றது, சொட்டவுமில்லை.

பக்கத்து வீட்டில் யாரோ ஈரத்துணியை உதறினார்கள். ஒரே ஒரு சத்தம். தம்பி அசையாமல் நின்றான். இன்னொரு சத்தம் வர வேண்டும் என்று அவன் காது காத்திருந்தது. வரவில்லை.

காலையிலிருந்தே இப்படித்தான். கூடத்தில் ஒரு நாற்காலி விழுந்தது, ஒரு கதவு அறைந்தது, ஒரு டம்ளர் உருண்டது. எல்லாமே ஒற்றை. இரண்டாவதுக்காகக் காத்துக் காத்து அவன் கழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"குட்டி, உள்ள வாடா. வண்டி வந்துட்டிருக்காம்" என்றார் கேப்டன். மருந்துக்கடை வைத்திருப்பவர். யாருக்கு என்ன நோவு என்றாலும் முதலில் அவரிடம்தான் ஓடுவார்கள். இன்று அவர் யார் கண்ணையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கூடத்தின் நடுவே குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இருந்திருந்தால், பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டு, 'கம்ப்ரஸர் இன்னும் ரெண்டு மாசந்தான் தாங்கும்' என்று சொல்லியிருப்பான். இப்போது அதற்குள் படுத்திருந்தான். வழித்துச் சீவிய தலை. ஆட்டத்துக்குப் போகும்போதுகூட இவ்வளவு ஒழுங்காகச் சீவியதில்லை. சீவிவிட்டவன் அணியின் இடது பக்க ஆட்டக்காரன், சலூன் வைத்திருப்பவன். ஊரெல்லாம் சிரிக்கப் பேசுகிற வாய்.

"இவருக்குக் கதவுன்னு பேர் வச்சானுங்க எதிர் டீம்காரனுங்க" என்று அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "தட்டாமலே திறக்குமாம். இவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'திறக்கிற கதவுதான்டா கதவு, திறக்காட்டி அது சுவரு'ன்னாரு."

ஒருவன் சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டான்.

அப்போதுதான் அண்ணி தலை நிமிர்ந்தாள். பெட்டியின் தலைமாட்டில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவள். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஏன் எல்லாரும் அந்தப் பக்கமே பாத்துட்டு நிக்கிறீங்க?"

அவர்களுக்கே அது அப்போதுதான் தெரிந்தது. அணியில் வந்திருந்த அத்தனை பேரும் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். யாரும் தீர்மானித்து நிற்கவில்லை. மைதானத்தில் யார் யார் எந்த இடத்தில் நிற்பார்களோ, கூடத்திலும் ஏறக்குறைய அதே இடைவெளியில் நின்றிருந்தார்கள். தம்பி பெட்டிக்கு நேர் முன்னால், வழக்கம்போல, மிக அருகில்.

 அப்போதும் யாரும் திரும்பவில்லை.

"தம்பி" என்றாள் அண்ணி. குரலில் கோபமில்லை, கடையில் அளவு கேட்பதுபோல் கேட்டாள். தையல்கடையில் வேலை பார்ப்பவள். "நீதான் பக்கத்துல நின்னியாம். அவரு கூப்பிட்டாரா? ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல அண்ணி."

"முகம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. பத்துப் பேரு இருந்தீங்க. நான் ஒருத்தி இல்லாம போயிட்டேன்."

நேற்று நடந்தது இவ்வளவுதான். ஐந்தாவது கோல். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரம். பந்து தம்பியின் காலில் பட்டுத் திசைமாறி உள்ளே போனது. பத்துப் பேரும் வழக்கம்போல நடுவட்டத்தைப் பார்த்து நின்றார்கள். பின்னால் அண்ணன் சேற்றில் நடந்து போகும் சத்தம் கேட்டது. குனிந்தபோது விட்ட பெருமூச்சு கேட்டது. பிறகு ஒரு கைத்தட்டு.

இரண்டாவது கைத்தட்டுக்காகத் தம்பி காத்திருந்தான். எல்லோரும் காத்திருந்தார்கள். எதிரணிக்காரர்கள் கொண்டாட்டத்தை முடித்துவிட்டு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு தங்கள் பாதிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நடுவர் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். பந்து வரவில்லை. மனுஷன் இன்றைக்கு மனம் நொந்து போயிருக்கிறான், இன்னும் கொஞ்சம் நேரம் கொடுப்போம் என்றுதான் ஒவ்வொருவனும் நினைத்தான். அந்த மரியாதை நீண்டுகொண்டே போனது. கடைசியில் எதிரணிக்காரன் ஒருவன், "உங்க கீப்பர் ஏன் வலையைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காரு?" என்று கேட்டான்.

"ஹார்ட் அட்டாக். எவ்வளவு நேரம் கழிச்சுப் பாத்தீங்க?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். 

வண்டி வந்தது. பெட்டியிலிருந்து எடுத்து ஏற்றினார்கள். புறப்படும் முன் கேப்டன் அண்ணியிடம் போய், "மைதானத்து வழியாத்தான் போகணும். ஒரு நிமிஷம் நிறுத்தலாமாம்மா? பசங்க கேக்கறாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பந்து இன்னும் வலையிலேயே கெடக்கு. யாரும் எடுக்கல" என்றார்.

"ஏன் எடுக்கல?"

"அது அவரு எடுக்க வேண்டியது."

அண்ணி தலையசைத்தாள். தம்பி கொடியிலிருந்த ஜெர்சியை மாட்டிக்கொண்டு, கையுறைகளை எடுத்து வந்து அண்ணனின் காலடியில் வைத்தான். வண்டித் தரையில் அவற்றை வைத்த இடம் நனைந்தது.

மைதானம் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் வலையை அவிழ்த்துச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோவது அண்ணன்தான்; ஆகவே வலையும் நேற்றிலிருந்து அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் அங்கே சுற்றித் திரியும் நாய்கள்கூட இன்று கோல் பக்கம் போகாமல் மறு முனையில் படுத்திருந்தன. காற்று சுத்தமாக இல்லை. ஓர் இலை ஆடவில்லை. ஆனாலும் வலையின் ஒரு மூலை, யாரோ இப்போதுதான் பிடித்து விட்டதுபோல், மெல்ல அசைந்து அடங்கியது.

ஜெர்சியோடு வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே இறங்கி அவரவர் இடத்தில் நின்றார்கள். கோலுக்கு முதுகு, முகம் நடுவட்டத்துக்கு. வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. அண்ணி இறங்கி, மறு பக்க எல்லைக்கோட்டில் வந்து, கோலைப் பார்த்து நின்றாள்.

முதலில் ஒன்றுமில்லை. வெயிலில் கிடங்குத் தகரம் படபடவென்று சத்தமிட்டது.

பிறகு பின்னால், ஈரக் கையுறைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். ஒரு முறை.

தம்பி அது தன் காதுக்குள் கேட்பது என்றுதான் நினைத்தான். ஆனால் இடது பக்கம் நின்ற சலூன்காரனின் தோள் துள்ளியதை அவன் கடைக்கண்ணால் பார்த்தான். கேப்டனின் பிடரி மயிர் குத்திட்டு நின்றது. எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. ஒருவனும் திரும்பவில்லை.

"குட்டி" என்றார் கேப்டன், உதடு அசையாமல். "திரும்பாதடா."

"கேப்டன்..."

"இன்னொண்ணு வரும். இரு."

இருந்தார்கள். நேற்று இருந்ததைப் போலவே. தம்பியின் முதுகு முழுக்க ஒரு குளிர் ஏறியது. பெட்டியைத் திறந்தபோது முகத்தில் அடித்த அதே குளிர். தனக்குப் பின்னால் ஒருவன் குனிந்தபடி, மூச்சை இழுக்க முடியாமல், தன் முதுகில் இருக்கும் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்குத் தோன்றியது. எதிரே அண்ணி நின்றாள். அவள் கண்கள் அவனைத் தாண்டி எதையோ பார்த்தன. அவள் பயப்படவில்லை. காத்திருந்தாள்.

அவன் திரும்பினான்.

"டேய்!" என்றது கேப்டனின் குரல். அவன் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, நேற்று அண்ணனைத் தூக்கப் போனதைத் தவிர, கோல்கீப்பர் அல்லாத எவனும் கால் வைத்திராத வலைக்குள் போனான். அங்கே ஒருவரும் இல்லை. சேற்றில் இரண்டு முழங்கால்கள் பதிந்த குழிகள் காய்ந்துபோயிருந்தன. அவற்றுக்கு முன்னால் பந்து.

அதன்மேல் சேறு காய்ந்து பாளம்பாளமாக வெடித்திருந்தது. ஓர் இடத்தில் மட்டும், கையகலத்துக்கு, வெள்ளையாகத் துடைத்திருந்தது. அவன் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தான். ஈரமாக இருந்தது.

"அண்ணி!" என்று கத்தினான். அந்த மைதானத்தில், அந்த நேரத்தில், யாரும் எழுப்பியிராத குரல். "பந்தைத் தொடச்சு வச்சிருக்காரு. ஒரு தடவ கையும் தட்டினாரு. எனக்குக் கேட்டுச்சு அண்ணி. நேத்தே கேட்டுச்சு."



முழங்கால் குழிகளுக்குப் பக்கத்திலேயே அவன் மண்டியிட்டு உட்கார்ந்து, வலையைப் பிடித்துக்கொண்டு, முன்னால் பார்த்தான். அங்கிருந்து முதுகுகள்தான் தெரிந்தன. ஒன்பது முதுகுகள், ஒன்பது எண்கள். மிக அருகில் ஓர் இடம் மட்டும், அவனுடையது, காலியாக இருந்தது; அந்த இடைவெளி வழியாக, தூரத்தில், எல்லைக்கோட்டில் நின்ற அண்ணியின் முகம் தெரிந்தது.