வாயை மூடிக்கொண்ட பயிற்சியாளர்

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்பவளுக்கு மைக் எதற்கு, தண்டச் செலவு என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். அப்படி ஒரு தொண்டை. பேரே 'மைக் அக்கா' என்று நிலைத்துவிட்டது. பத்து வயதுக்குட்பட்ட பெண்களின் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர் கிடைக்காமல் எல்லாரும் கையைப் பிசைந்தபோது, "ஏன், நான் இல்லையா?" என்று சம்பளமில்லாத வேலைக்கு முன்வந்தவள் அவள்தான். மகள் அந்த அணியில் கோல்கீப்பர்.

முன்வந்தது சரி, கத்தியதுதான் வினை. "இடது பக்கம்டி! திரும்பு! உதை!" பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டு அவள் வாயைப் பார்த்து ஆடின.

தன்னார்வப் பயிற்சியாளர்களுக்கான வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் நடந்தது. நடத்தியவர் ஒரு பல் டாக்டரம்மா. மற்ற நாளெல்லாம் பல், சனிக்கிழமை பந்து. ஆளுக்கு ஒரு மூட்டைப் பந்தும் ஆரஞ்சுக் கூம்புகளும் கையேடும் கொடுத்தார். வரிசையில் காக்க வைக்காதீர்கள், எல்லார் காலிலும் பந்து இருக்கட்டும் என்றார். மைக் அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில்தான் டாக்டரம்மா தலையில் கல்லைப் போட்டார்.

"ஆட்டம் நடக்கும்போது எங்க ஓடணும், எங்க உதைக்கணும்னு எந்தப் பிள்ளைக்கும் சொல்லக் கூடாது. இடைவேளையில கேள்வி கேக்கலாம். பதிலை அவங்கதான் சொல்லணும். அடுத்த ஆட்டத்துக்கு நான் வந்து பாப்பேன். நீங்க ஒரு உத்தரவு போட்டாலும் சான்றிதழ் கிடையாது."

சான்றிதழ் இல்லாதவரின் அணி போட்டிகளில் ஆட முடியாது. வேறு ஆளும் இல்லை. அவள் வாயைத் திறந்தால் அணி கலைந்துவிடும், அவ்வளவுதான்.

"நீயாவது, வாயை மூடறதாவது!" என்று புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆட்டம் தொடங்கியது. பிள்ளைகள் பழக்கதோஷத்தில் கோட்டோரம் திரும்பிப் பார்த்துப் பார்த்து நின்றன. மளமளவென்று இரண்டு கோல் விழுந்தது. "மரம் மாதிரி நிக்கிறீங்களே, ஏதாவது சொல்லுங்க!" என்று பெற்றோர்கள் பிய்த்தெடுத்தார்கள். மைக் அக்காவுக்கு நாக்கு நமநமவென்று அரித்தது. கையைக் கட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாவம், பிரசவத்தில்கூட அவள் இவ்வளவு பட்டதில்லை.

இடைவேளையில் பிள்ளைகளிடம் கேட்டாள்: "கோல் எப்படி விழுது?"

முதலில் வாயைத் திறந்தது மகள்தான். அம்மாவின் குரலுக்கு நடுவே இடைவெளி கிடைக்காமல் வீட்டில் பேசாமலே வளர்ந்த பிள்ளை அவள்.

"எல்லாரும் பந்து மேலயே போய் விழறாங்க. வலது பக்கம் காலியா கிடக்கு. எனக்குப் பின்னாடியிருந்து நல்லாத் தெரியுது. நான் சொல்லட்டுமா?"

"அதை ஏன் என்கிட்ட கேக்கற? அவங்ககிட்ட கேளு."

பிள்ளைகள் "சொல்லு, சொல்லு" என்றன.

ஆட்டம் மறுபடி தொடங்கியதும் மைதானமே அதிர்ந்தது. "வலது பக்கம் காலி! அங்க தள்ளு!"

எதிர்ப்புறம் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற டாக்டரம்மா சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அந்தக் கோடி வரைக்கும் கேக்குது உங்க குரல்!"

மைக் அக்கா பேசவில்லை. கோல் கம்பத்தைக் கையால் காட்டினாள்.

"பின்னாடி ஆள் வருது, திரும்பு!" என்று அங்கிருந்து அதே குரல் முழங்கியது. சொன்னபடி ஒருத்தி திரும்பி, வலது பக்கம் தட்டிவிட, பந்து கோலுக்குள் போயே போய்விட்டது.

டாக்டரம்மா பேனாவை எடுத்து, தேர்ச்சி என்று எழுதினார்.

மைக் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "டாக்டரம்மா, உத்தரவுதானே போடக் கூடாது? பெருமைப்படலாம்ல?"

"தாராளமா."

அடக்கி வைத்த மூச்சையெல்லாம் சேர்த்து அவள் கத்தினாள். "அது என் பொண்ணு!"

கோலிலிருந்து மகள் அதைவிட உரக்கக் கத்தினாள். "அம்மா, சும்மா இரு! ஆட்டம் நடக்குது!"

மைக் அக்கா சந்தோஷமாக வாயை மூடிக்கொண்டாள்.