தண்ணி காட்டின வழக்கு

வெங்கலக் கடைச் சந்தின் பதினான்கு வீட்டுக்காரர்களும் எதிலும் ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. விற்கிறவன் எல்லாம் திருடன் என்பதில் மட்டும் அவர்களுக்குள் சண்டை வந்ததே கிடையாது. அரிசிக்காரன் கல்லை நிறுக்கிறான், ஜவுளிக்காரன் கஜக்கோலில் விரற்கடை தின்கிறான் என்பதெல்லாம் பழைய சங்கதி. சாயந்திரம் சாம்பிராணிப் புகை போட வருகிறவனின் புகையிலேயே பாதி வெறும் புகைதான் என்று வக்கீல் விஸ்வேஸ்வரன் ஒரு தடவை அரை மணி நேரம் வாதாடியிருக்கிறார்.

அந்தச் சந்துக்கு ஒன்பது வருஷமாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவள் வில்லாபுரத்து முத்துத்தாய். அவளும் திருடி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நிரூபணம்தான் இல்லை. "என்ன முத்துத்தாய், வைகை வத்திப்போச்சாமே, உன் குடத்துக்குள்ளே வந்துடுத்தா?" என்று யாராவது கேட்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அளந்து ஊற்றுவாள். குடம் பாலுக்கு அரைச் செம்பு கிணற்றுத் தண்ணீர் என்பது அவள் வைத்திருந்த அளவு. அதற்கு மேல் ஒரு சொட்டு விட்டால் செவலைப் பசுவின் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைக்கிற ஜாதி அவள். புருஷன் பினாங்குக்குப் போய்க் கடிதாசி போடுவதை நிறுத்தி நாலு வருஷம். அவள், மாமியார்க்காரி, செவலை, மூன்று வயிறும் இந்தச் சந்தை நம்பித்தான் இருந்தன.

முப்பத்தேழாம் வருஷம் தை மாதம் இதற்கு ஆபத்து வந்தது. ஆபத்தின் பெயர் ஹாலாஸ்யம். கலெக்டர் கச்சேரியில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையரானவர். பென்ஷன் வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து யாருக்கும் மெமோ கொடுக்க முடியாமல் மனுஷர் இளைத்துப்போயிருந்தார். ஒரு நாள் 'க்ஷீர பரிசுத்த பரிபாலன சபை' என்று ஒன்றைத் தொடங்கி, வக்கீலைத் தலைவராகவும் தன்னைக் காரியதரிசியாகவும் நியமித்துக்கொண்டார். பொக்கிஷதார் பதவி மட்டும் காலியாகவே கிடந்தது. அதற்கு ஏற்ற யோக்கியன் சந்தில் ஒருவனும் இல்லை என்று பதினான்கு பேரும் நினைத்தார்கள்.

சபையின் முதல் காரியமாக, சென்னையிலிருந்து வி.பி.பி.யில் ஒரு லாக்டாமீட்டர் வந்து இறங்கியது. அடியில் குண்டு, மேலே மெல்லிய கண்ணாடிக் குழாய், குழாயில் கோடுகள். "இந்த எம் வரைக்கும் முழுகித்துன்னா பால். அதுக்கு மேலே மூணு, ரெண்டு, ஒண்ணு; முக்கால் பால், அரைப் பால், கால் பால். டபிள்யூ வரைக்கும் முழுகித்துன்னா வெறும் ஜலம். வெள்ளைக்காரன் பண்ணினது, பொய் சொல்லாது" என்று ஹாலாஸ்யம் வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்தார். கூடவே வந்த விளக்கக் காகிதத்தின் முதல் பாராவை உரக்க வாசித்தும் காட்டினார். மூன்றாவது பாராவுக்கு அவர் போகவில்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் எந்தக் காகிதத்திலும் அவர் அவ்வளவு தூரம் போனதில்லை.

'லட்டு மீட்டரு' வந்திருக்கும் சேதி முத்துத்தாய்க்கும் எட்டியது. மறுநாள் அந்த அரைச் செம்பையும் நிறுத்திவிட்டு, சொட்டுத் தண்ணீர் சேராத பாலோடு வந்தாள். ஹாலாஸ்யம் குடத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"குடத்துப் பால் சாட்சிக்கு உதவாது. நாளைக்கு மாட்டை இங்கேயே ஓட்டிண்டு வா. எங்க கண்ணெதிர்ல கறக்கணும்."

"அதுக்கென்ன சாமி, ஓட்டியாறேன்."

அவளுக்கு உள்ளூர நிம்மதிதான். மடியிலிருந்து நேராகக் கறந்த பாலைக் குற்றம் சொல்ல யாரால் முடியும்?

மறுநாள் விடிந்ததும் சந்து முழுக்க வாசலில் நின்றது. ஹாலாஸ்யம் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். முத்துத்தாயின் முந்தானையை உதறிப் பார்க்கும்படி தம் மனைவி ஜகதாம்பாளுக்கு உத்தரவாயிற்று. "என் புடவையையும் உதறிக் காட்டட்டுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த அம்மாள் உதறினாள். முத்துத்தாய் உட்கார்ந்து கறந்தாள். நுரை பொங்க, ஆவி பறக்க, பால் வந்தது. அந்தச் சூட்டோடு உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, ஹாலாஸ்யம் மீட்டரை விட்டார்.

குழாய் எம்மைத் தாண்டி அமுங்கி, மூன்றுக்குக் கிட்டே போய் நின்றது.

"பார்த்தேளா! பார்த்தேளா! அஞ்சிலே ஒரு பங்கு ஜலம்!"

ஒன்பது வருஷம் தண்ணீர் ஊற்றி அகப்படாதவள், ஊற்றாத அன்றைக்கு அகப்பட்டுக்கொண்டாள்.

"சாமி, இம்புட்டுப் பேரும் கண்ணு முழிச்சுப் பாத்துக்கிட்டுத்தானே நின்னீக? மடியில இருந்து குடத்துக்கு வந்துச்சு. நடுவுல எந்தக் கிணறு இருந்துச்சு?"

கேள்வி நியாயமாக இருந்ததால் எல்லோருக்கும் கோபம் வந்தது. வக்கீல் விஸ்வேஸ்வரன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். கோர்ட்டில் அவருக்கு மாதம் ஒரு கேஸ் வந்தால் பெரிசு. குறுக்கு விசாரணை செய்கிற ஆசை அப்படியே புத்தம் புதிதாக இருந்தது.

"மாட்டை ஓட்டிண்டு வரதுக்கு முன்னாலே என்ன பண்ணினே? ஒண்ணொண்ணாச் சொல்லு."

"சாணி அள்ளினேன். வைக்கோலு போட்டேன். தண்ணி காட்டினேன். ஓட்டியாந்தேன்."

"என்ன காட்டினே?"

"தண்ணி காட்டினேன் சாமி."

"ஸெக்ரட்டரி, எழுதிக்கோங்கோ. தண்ணி காட்டினதா எதிரியே ஒத்துண்டுட்டா."

"அட, மாட்டுக்குத்தேன் சாமி காட்டினேன்!"

"இன்னிக்கு மாட்டுக்கு. ஒன்பது வருஷமா எங்களுக்கு!"

சந்து கொல்லென்று சிரித்தது. ஹாலாஸ்யம் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். மறுநாளிலிருந்து முத்துத்தாயின் பால் சந்துக்கு வேண்டாம் என்றும், ஊரில் புதிதாக ஆரம்பித்திருக்கும் 'தி நியூ க்ஷீராப்தி மில்க் சப்ளை கம்பெனி'யின் பாலை வாங்குவது என்றும் தீர்மானம் ஆயிற்று. கம்பெனியின் மாதிரிப் பாட்டில் ஒன்று முன்னமே வந்திருந்தது. மூடியின் மேல் பாம்பணையில் பெருமாள் படம். மீட்டரை விட்டார்கள். எம்மில், நூல் பிடித்த மாதிரி நின்றது. மீட்டரையே சோதிக்க இன்னொரு மீட்டர் வாங்க வேண்டும் என்று இரண்டு பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்கூடப் பெருமாள் படத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

கறந்த பால் குடத்தோடு, மாட்டையும் பிடித்துக்கொண்டு தெற்குவாசல் பக்கமாகத் திரும்பிப் போனாள் முத்துத்தாய். எதிரே கம்பெனி ஜட்கா வந்தது. ஓட்டுகிற சேக் இஸ்மாயில் அவளுக்கு நெடுநாள் பழக்கம்.

"என்ன தங்கச்சி, குடத்தோட திரும்பிட்டே?"

சொன்னாள். இஸ்மாயில் சிரித்த சிரிப்பில் குதிரையே திரும்பிப் பார்த்தது.

"அட, கறந்த சூட்டோட விட்டா அந்தக் குழாய் அமுங்கத்தான் செய்யும். கம்பெனில பாத்திரத்தைத் தொட்டித் தண்ணில வச்சு, நல்லா ஆறின பொறவுதான் குழாயை விடுவாக."

"அப்ப கம்பெனிப் பாலு நெசமாவே நல்ல பாலா?"

"மெஷினைச் சுத்தி வெண்ணெயை எடுத்துருவாக. வெண்ணெய் போனா பாலு கனக்கும், குழாய் மேல தூக்கும். அது எம்முக்கு இறங்குற வரைக்கும் தண்ணி. அளந்து ஊத்துவாக, அல்லா மேல ஆணை. அதான் தினமும் ஒரே எடத்துல நிக்குது."

"உன் வீட்டுக்கு எந்தப் பாலுண்ணே?"

"அந்தப் பாட்டிலைக் கொண்டுபோய்க் குடுத்தா என் வீட்டுக்காரி மரியம் பீவி என் தலையில ஊத்திருவா. எனக்கு ஆட்டுப்பாலு."

மறுநாள் காலையில் முத்துத்தாய் மாட்டோடு மறுபடியும் ஹாலாஸ்யம் வீட்டு வாசலில் நின்றாள். இந்தச் சந்து போனால் வேறு சந்து கிடையாது. திருடி என்ற பேர் அவளுக்கு முன்னால் ஓடிப்போய் ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்துகொள்ளும்.

"சாமி, ஒரே ஒரு தடவை ஆறவச்சுப் பாருங்க. கம்பெனில அப்பிடித்தேன் பாக்குறாகளாம். அவுக வெண்ணெயை எடுத்துட்டு..."

"போட்டிக்காரியோட வயித்தெரிச்சல்" என்றார் வக்கீல். "ஆறவைக்கணுமாம். ஏன்? அது ஆறற நேரத்துக்குள்ளே இவ ஏதோ பண்ணப்போறா."

"அப்படின்னா நாமே ஆறவைப்போம்" என்றார் ஹாலாஸ்யம். சதியை முறியடிக்கிற சந்தர்ப்பத்தை விட அவருக்கு மனமில்லை.

கறந்த பால் பூஜை அறைக்குள் போயிற்று. கதவைப் பூட்டிச் சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். முத்துத்தாயைத் தெருவிலேயே நிற்கவைத்து, ஐந்து பேர் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவர் மாட்டைக் காவல் காத்தார். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து குவளையைக் கொண்டுவந்து மீட்டரை விட்டார்கள்.

எம்.

முத்துத்தாய் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு காத்திருந்தாள். மனுஷர்கள்தானே, கண்ணால் பார்த்ததை ஒப்புக்கொள்வார்கள் என்று நினைத்தாள்.

"ஜலம் எங்கே போச்சு?" என்றார் ஹாலாஸ்யம்.

பூஜை அறையில் போய்த் தரையைத் தடவிப் பார்த்தார்கள். ஈரம் இல்லை. ஹாலாஸ்யத்தின் பார்வை மெள்ளச் சமையலறைப் பக்கம் திரும்பியது.

"ஜகதா, உள்ளே நீ மட்டும்தானே இருந்தே?"

"ஆமாம்" என்றாள் ஜகதாம்பாள். "பூட்டின கதவு வழியாப் போய், பாலை விட்டுட்டு ஜலத்தை மட்டும் பொறுக்கி எடுத்துண்டு வந்தேன். ரசத்துக்கு வேண்டியிருந்தது."

இது மறுப்பா, வாக்குமூலமா என்று வக்கீலுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அதை அப்படியே ஒதுக்கிவிட்டு முத்துத்தாயிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இதோ பாரு. நாங்க ஒண்ணும் ராக்ஷஸா இல்லே. நீ பண்ணின வித்தை என்னன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுடு. சந்து மறுபடியும் உனக்குத்தான். தெரிஞ்ச திருட்டைக் கண்டு எங்களுக்குப் பயமில்லே. தெரியாத திருட்டுதான் தூக்கத்தைக் கெடுக்கறது."

முத்துத்தாய் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டாள். "சொல்லிர்றேன் சாமி. ஒன்பது வருஷமா குடத்துக்கு அரைச் செம்புத் தண்ணி ஊத்தினேன். இந்த மூணு நாளாத்தேன் ஊத்தலை."

"சே, அதை யார் கேட்டா?" என்றார் ஹாலாஸ்யம் எரிச்சலோடு. "அதெல்லாம் எல்லாரும் ஊத்தறதுதான். அரைச் செம்பைப் பிடிக்கவா மெட்ராஸிலேர்ந்து மீட்டர் தருவிச்சேன்? பெரிசைச் சொல்லு!"

வாசற்படியில் நின்ற ஜகதாம்பாள், 'எதையாவது சொல்லித் தொலையேன்' என்று கையை ஆட்டினாள்.

"அது வந்து சாமி," என்று ஆரம்பித்தாள் முத்துத்தாய், தன் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று தனக்கே தெரியாமல். "எங்க கண்மாய்க் கரையில ஒரு வேரு இருக்கு. மாட்டுக்குக் குடுத்தோம்னா குடிச்ச தண்ணி அப்பிடியே மடிக்கு இறங்கிரும். கறந்தா பாலோட வரும். ஒரு மணி நேரம் வச்சிருந்தா அந்தத் தண்ணியும் பாலாயிரும். யாரும் கண்டுபிடிக்க மாட்டாகன்னு இருந்துட்டேன். மன்னிச்சிருங்க."

சந்தெங்கும் ஒரு பெருமூச்சு. முகங்களில் வெளிச்சம் வந்தது.

"நான் சொல்லலை?" என்றார் ஹாலாஸ்யம். அவர் சொல்லவில்லை. "வேரோட பேர் என்ன?"

"பேரைச் சொன்னா பலிக்காது சாமி."

அதையும் எழுதிக்கொண்டார். இனி வேர் கொடுப்பதில்லை என்று முத்துத்தாய் கைநாட்டு வைத்தாள். மன்னிப்பு வழங்கப்பட்டது. பதினான்கு வீட்டிலும் பாத்திரங்கள் வெளியே வந்தன. கம்பெனியின் பாட்டிலைத் திருப்பி அனுப்பும்படி வக்கீலே சொன்னார். "இவ வித்தை தெரிஞ்சுபோச்சு. அவன் பால் ஒரு மயிரிழை அசையாம எம்மிலேயே நின்னுதே, அது என்ன வித்தைன்னு யாருக்குத் தெரியும்? எனக்கு அப்பவே சந்தேகம்."

நாலு நாள் கழித்து முத்துத்தாய் சந்தில் கடைசி வீட்டுக்கு ஊற்றிவிட்டுத் திரும்பும்போது, முனையில் ஜட்காவை நிறுத்திக்கொண்டு இஸ்மாயில் காத்திருந்தார்.

"தங்கச்சி, கம்பெனி மானேஜரு கேட்டு வரச் சொன்னாரு. அந்த வேரு மூட்டைக்கணக்குல கிடைக்குமா?"

"அண்ணே! நீயுமா அதை நம்புறே?"

"நான் எங்க நம்புறேன்? அவருல்ல நம்புறாரு. ராத்திரியெல்லாம் தூங்கலையாம்."

"அப்பிடி ஒரு வேரே கிடையாதுன்னு சொல்லிருண்ணே."

"சொல்லிப் பாத்தேன். நீ ஒளிச்சு வச்சிருக்கேங்குறாரு."

முத்துத்தாய் குடத்தை இறக்கி இடுப்பு மாற்றிக்கொண்டாள். மெய்யைச் சொல்லி இந்த ஊரில் யாரையும் நம்பவைக்க முடியாது என்பது அவளுக்கு இந்த ஒரு வாரத்தில் நன்றாகவே புரிந்திருந்தது. கண்மாய்க் கரையில் கோரைப் புல் இடுப்பளவுக்கு வளர்ந்து கிடந்தது.

"எம்புட்டு மூட்டை வேணுமாம்?" என்று கேட்டாள்.