எட்டில் ஒரு நொடி

யாரெலி என்னிடம் கேட்டது ஒரே ஒரு படம்தான். கல்யாணத்தன்று காலை, தையற்காரி அவளுடைய கவுனின் முதுகுப் பக்கத்தைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். யாரெலி அசையாமல் நின்றபடியே என்னைக் கிட்டே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அப்பா வர்றார். கடைசித் தூணுக்குப் பின்னாடி உட்காருவார். பூசை முடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடணும்னு அம்மா சொல்லிட்டாங்க. முகம் தெளிவா ஒரு படம் எடுத்துக் குடுங்க. அது போதும்."

அவள் அப்பா ஃபிதென்சியோ வீட்டைவிட்டுப் போய் ஒன்பது வருடமாகிறது. குவாதலஹாரா நகரத்தில் வேறு ஒருத்தியோடு இருக்கிறார். மகளிடம் அவர் படம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாவற்றையும் அம்மா எல்விரா அடுப்பில் போட்டுவிட்டாள். அதை மறைக்கவும் மாட்டாள். "அந்த ஆள் மூஞ்சி எரிஞ்ச அன்னைக்குத்தான் பீன்ஸ் நல்லா வெந்துச்சு" என்பாள்.

எங்கள் கோயிலுக்குள் ஃபிளாஷ் கூடாது. ஒரு தடவை மின்னினால் அந்த வருடம் முழுக்க ஃபாதர் உள்ளே விடமாட்டார். கோயில்பிள்ளை வாசலிலேயே என் பையைத் தட்டிப் பார்த்தார்.

"ஃபிளாஷ் அடிச்சே, உன்னை உள்ள வெச்சே பூட்டிருவேன், ஒப்துலியா."

"பூட்டுங்க. தேடி வர ஆளில்ல."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பீடத்தருகே கேமராவை மேனுவலில்தான் வைப்பேன். ஆட்டோவில் விட்டால் வெள்ளைக் கவுனைக் கண்டதும், அடேயப்பா எவ்வளவு வெளிச்சம் என்று அது மிரண்டுபோய் மொத்தத்தையும் இருட்டடித்துவிடும். கவுன் சாம்பலாகும், மணமகள் முகம் மண்ணாகும். மோதிரம் மாற்றினார்கள். மாப்பிள்ளை சடங்குப்படி பதின்மூன்று காசுகளைப் பெண்ணின் கையில் கொட்டினான். ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் இரண்டு வளையமுள்ள பெரிய செபமாலையை இருவர் தோளிலும் சேர்த்து மாட்டினார்கள். பூசையின் கடைசியில் நன்மை அப்பம் வாங்கி முடியும்வரை அதைக் கழற்ற மாட்டார்கள். அதுவரை மணமக்கள் இடத்தைவிட்டு நகர முடியாது.

நான் பின்பக்கம் நழுவினேன். ஃபிதென்சியோ தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் புனிதர் சுரூபத்தின் முன்னால் எரிந்த இரண்டு மெழுகுவர்த்திகளைத் தவிர அங்கே வெளிச்சமில்லை. லென்ஸை முழுக்கத் திறந்தேன். வெளிச்சத்தை உணரும் ஐஎஸ்ஓ அளவை, படம் மணல் மணலாக வருமளவுக்கு ஏற்றினேன். அப்படியும் ஷட்டர் எட்டில் ஒரு நொடி திறந்திருக்க வேண்டியிருந்தது. எடுக்கிறவள் மூச்சுவிட்டால் போயிற்று, இருக்கிறவர் திரும்பினாலும் போயிற்று. எதிர்த்தூணில் தோளை அண்டக் கொடுத்துக் காத்திருந்தேன். அவர் நிமிரவே இல்லை.

"ஒருவருக்கொருவர் சமாதானம் அறிவிப்போம்" என்றார் ஃபாதர். கோயிலே கலைந்தது. கட்டிப்பிடிப்பும் முதுகில் தட்டலும் முத்தமும். அப்போதுதான் ஃபிதென்சியோ தலையைத் தூக்கினார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். அவரிடம் யாரும் வரவில்லை. நேராகப் பார்த்தபடி அப்படியே இருந்தார். அழுத்தினேன்.

திரையில் சுற்றிலும் அசைந்ததெல்லாம் வெறும் புகை. கைகள் புகை, தலைகள் புகை. அவர் மட்டும் கண்ணிமை தெரியும் அளவுக்குத் தெளிவு. கேட்ட படம் கிடைத்துவிட்டது. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் யாரோ என்னைக் கேட்காமல் என்னையே படமெடுத்துவிட்டதுபோல முகம் சுட்டது.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். போனேன்.

"சமாதானம், அண்ணே."

"சமாதானம்." கையை விடவில்லை. "மெலிஞ்சிட்டாளா? இங்கேருந்து பாத்தா முதுகுதான் தெரியுது."

"கிட்டப் போய்ப் பாருங்க. அவளைக் கட்டிவெச்சிருக்கு, அவளால வர முடியாது. நீங்கதான் போகணும்."

"எல்விரா கொன்னு போடுவா."

"கோயிலுக்குள்ள கொல்ல மாட்டா. வாசல்லதான்."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. எழுந்தார். நடுப்பாதையில் பத்தடி நடந்திருப்பார், அதற்குள் 'செம்மறியே' என்று நன்மைக்கு முந்திய பாட்டு தொடங்கி முடிந்து எல்லோரும் மண்டியிட்டுவிட்டார்கள். அத்தனை பேருக்கு நடுவில் அவர் ஒருவர்தான் நின்றார். மேலே போகவும் தெரியவில்லை, திரும்பவும் தெரியவில்லை. தோளில் கிடந்த செபமாலை இழுக்க இழுக்க யாரெலி தலையைத் திருப்பினாள்.

பையிலிருந்த ஃபிளாஷ் நினைவுக்கு வந்தது. அதன் வெளிச்சம் அவர் முதுகோடு நின்றுவிடும், மகள் இருட்டில் போய்விடுவாள். கேமராவில் வைத்த கணக்கை மாற்றாமல், அவர் பின்னால் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்து அழுத்தினேன். இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு அவர் பக்கவாசல் வழியாக வெளியே போனார்.

பத்து நாள் கழித்து யாரெலி என் ஸ்டுடியோக் கடைக்கு வந்தாள். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அப்பாவின் முதுகு, தூரத்தில் தன் முகம்.

"இதுல அப்பா வர்றாரா, போறாரா?"

"வர்றார்."

"முகம் தெரியற மாதிரி ஒண்ணு கேட்டேனே அக்கா?"

"அந்த இருட்டுல ஃபிளாஷ் இல்லாம முடியலடா கண்ணு."

கேமரா தெரிந்தவள் சொன்னால் யார் மறுப்பார்கள்? "பரவால்ல, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று என் கையைத் தட்டிவிட்டுப் போனாள்.

புதுப்பெண் அந்த முகப் படத்தைத் தாங்கமாட்டாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் தாங்கியிருப்பாள். அவருடைய மகள்தானே. ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்கிறவர்களையே இருபத்திரண்டு வருடமாக எடுத்திருக்கிறேன். பக்கத்தில் யாருமில்லாத இந்த ஒரு முகத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டிருக்கலாம். தெருமுனை திரும்பும்வரை கதவருகில் நின்றேன். பிறகு உள்ளே வந்து கம்ப்யூட்டரில் அவர் முகப் படத்தைத் திறந்து, அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.