ஆளுக்கொரு கோடு

பல் டாக்டரின் காத்திருப்பு அறைச் சுவரில் ஒரே ஒரு படம். வெள்ளைத் துணியில் சின்னச் சின்னக் கருப்புக் கோடுகள், நின்றவாக்கில், வரிசை வரிசையாக. வேறொன்றும் கிடையாது. ஒருநாள் டோக்கன் தீர்ந்துபோனபோது, ஆளுக்கொரு கோட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள் நர்ஸ். அன்றிலிருந்து அதுதான் சட்டம். மேல் வரிசையின் முதல் கோட்டுக்காரர் முதலில் உள்ளே போவார், அடுத்த கோட்டுக்காரர் அடுத்து.

எனக்குக் கிடைத்தது நாலாவது வரிசையில். கடைவாய்ப்பல்லில் உயிர் போய் உயிர் வந்தது. முனகாதீர்கள், எல்லோரும் பார்க்கிறார்கள் என்றாள் மனைவி. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும், பல்வலியைக் கேட்கவே வேண்டாம்.

அப்போது கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் வந்தார். அந்தப் படத்தை வரைந்தவரே அவர்தானாம். நாங்கள் ஆளாளுக்கு விரலை நீட்டி, இது என் கோடு, அது உன் கோடு என்று சண்டை போடுவதைப் பார்த்ததும் அவருக்கு வலியே மறந்துபோனது.

"இது வரிசை இல்லம்மா. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியக் கூடாதுன்னு வரைஞ்சது."

"உங்களுக்குக் கடைசில ஒண்ணு இருக்கு. உக்காருங்க" என்றாள் நர்ஸ்.

உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வலி திரும்பிவிட்டது. எழுந்துபோய், மைப்பேனாவை எடுத்து, முதல் கோட்டுக்கும் முன்னால் புதிதாக ஒன்று போட்டார். அச்சு அசலாக மற்றவை போலவே இருந்தது. நர்ஸ் அவரை உள்ளே அனுப்பிவிட்டாள். முதல் கோட்டுக்காரர் குதித்ததெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

என் மனைவி சும்மா இருப்பாளா? கைப்பையிலிருந்து புருவப் பென்சிலை எடுத்து, பெரியவர் கோட்டுக்குப் பக்கத்தில் எனக்காக ஒன்று இழுத்தாள்.

"கோணலா இருக்கேக்கா" என்றாள் நர்ஸ்.

"அவர் பல்லும் கோணல்தான்."

நர்ஸுக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். அடுத்து நான்தான் என்று சொல்லிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியை எனக்கு அன்று போல என்றுமே பிடித்ததில்லை.

நான் எழுந்தேன். கதவு திறந்தது. பெரியவர் வாயில் பஞ்சும் முகத்தில் நிம்மதியுமாக வெளியே வந்து படத்தின் முன் நின்றார். வலி போனவருக்குக் கலை திரும்பியிருந்தது. கைக்குட்டையை எடுத்துக் கோணல் கோட்டைச் சுத்தமாகத் துடைத்தார். தன் கோட்டை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"உங்க கோட்டைக் காணோமே, சார்" என்றாள் நர்ஸ்.

நாலாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். என் பழைய கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். அவருக்கு இரண்டு கன்னமும் வீங்கியிருந்தது.