இரண்டு பிறப்பு, ஓர் இறப்பு

காளிதாஸ் காலை ஐந்தரைக்கு எழுவான். பால் பாக்கெட்டைக் கத்தரிப்பான், குக்கரை ஏற்றுவான், மகள் நிலாவை எழுப்பிப் பல் துலக்க வைப்பான். ஏழு மணிக்கு அவன் மனைவி சௌமியா வந்து பிள்ளைக்கு இரட்டைச் சடை பின்னிவிடுவாள். தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடித்ததும் இருக்கமாட்டாள். அவள் ஐப்பசியில் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். செவ்வாய்ப்பேட்டையில் அது மூட்டை இறக்கும் நேரம். அடுத்த வீட்டை எட்டிப் பார்க்க யாருக்கும் ஒழிவதில்லை. எதிர்வீட்டுப் பொன்னாயி மட்டும், "பொம்பள இல்லாத ஊட்டுல புள்ளைக்கு வகிடு எத்தன நேரா இருக்குது பாரு" என்று ஒருமுறை சொன்னாள்.

சௌமியா ஏன் வருகிறாள் என்று தெரியத் தை மாதம் ஆகிவிட்டது. காளிதாஸ் எம்.காம். படித்தவன், ஜவ்வரிசி ஆலையில் கணக்கு பார்ப்பவன். மூட்டைக் கணக்கில் தப்பு என்றால் உடனே பிடிப்பான். வீட்டுக்குள் நடந்த தப்பு அவன் கண்ணில் படவில்லை.

சௌமியா பிறந்தது கனடாவில். அவள் அப்பா குருமூர்த்தி ஆட்டையாம்பட்டித் தறி மெக்கானிக். மாண்ட்ரியலில் ஒரு நெசவாலையில் சில வருடம் இருந்தார். ஊர் திரும்பி மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனால், பிறப்புச் சான்றிதழ் பிரெஞ்சில் இருந்தது. தலைமை ஆசிரியர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, நம்மூர்ச் சான்றிதழ் இல்லையா என்றார். குருமூர்த்தி வாதாடவில்லை. சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டிப்போய், மகள் ஆட்டையாம்பட்டியில் சொந்த வீட்டில் பிறந்ததாகப் பதிந்துவந்தார். "நம்ம புள்ள நம்மூர்ல பொறந்துச்சுன்னா யாரு மாப்ள இல்லைம்பாங்க?" என்று இப்போதும் பெருமையாகக் கேட்பார்.

தாய் பிறந்த கணக்கில் நிலாவுக்குக் கனடாக் குடியுரிமை வாங்கிவிட வேண்டும் என்பது சௌமியாவின் பிடிவாதம். "எம் பங்குக்கு இவளுக்குக் குடுக்க அது ஒண்ணுதானுங்க இருக்குது" என்பாள், பின்னிக்கொண்டே. காளிதாஸ் சான்றிதழ்களை எல்லாம் சேர்த்து, விண்ணப்பம் எழுதித் தரும் அலுவலகத்துக்குப் போனான். அங்கே சுகன்யா என்ற பெண் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினாள்.

"சார், கனடாவுல பொறந்தவங்க ஒருத்தங்க. ஆட்டையாம்பட்டில பொறந்தவங்க ஒருத்தங்க. செத்திருக்கறது ஆட்டையாம்பட்டிக்காரங்க. கனடாக்காரங்க எங்கீங்க?"

"ஊட்ல இருக்கறாங்க."

"அப்ப நேர்ல வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும். வேன் எட்டுக்கே வந்துவிடும். வர முடியாதென்றால், இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுங்கள் என்றாள் சுகன்யா. கொடுத்தால் கனடாக்காரியும் இறந்தவளாகிவிடுவாள்.

அதன்பின் காளிதாஸ் நிறைய மறந்தான். போட்டோ மறந்தான். பத்திரத்துக்குப் பதில் கரண்ட் பில்லை எடுத்துப்போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே போய், பூட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினான். அவன் படித்த படிப்பு அதற்கெல்லாம் நன்றாக உதவியது.

"ஏனுங்க, கரண்ட் பில்லு ஞாபகம் வருது, பத்திரம் மட்டும் வராதா?" என்றாள் சௌமியா.

"குடுத்தா நீ வரமாட்டயே."

"போனவதானுங்க நானு. குடுக்க வேண்டியதக் குடுத்துட்டுப் போறேன்."

"எனக்குச் சடை பின்னத் தெரியாது" என்றான் காளிதாஸ். அவள் இறந்தபிறகு தன் துக்கத்தைப் பற்றி அவன் பேசியது அவ்வளவுதான்.

"கத்துக்கோங்க" என்றாள்.

ஆலையில் சாக்கு தைக்கும் சணலை ஜன்னல் கம்பியில் கட்டி மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்னிப் பழகினான். கணக்கர் கயிற்று வியாபாரத்தில் இறங்கப் போகிறார் என்று லோடுமேன்கள் பேசிக்கொண்டார்கள். பங்குனியில் ஒரு நாள் காலை அவனே பிள்ளைக்குப் பின்னினான். சௌமியா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். வேன் வந்தது. பத்து மணிக்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான். மறுநாள் ஏழு மணிக்கு யாரும் வரவில்லை.

நிலாவின் குடியுரிமைச் சான்றிதழ் ஆடியில் வந்தது, பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. குருமூர்த்தி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் நம்மூர்ல ஒண்ணு வாங்கி வெச்சுரலாமா மாப்ள?" என்றார். வருடத் திதிக்கு வந்த சொந்தக்காரர்களிடம், மகள் கடைசியாகக் கைகூப்பி "எம் புள்ளையக் கரை சேத்துருங்க" என்று சொன்னதாகச் சொல்லி அழுதார். காளிதாஸ் மறுக்கவில்லை. அந்தப் பங்குனிக் காலையில், வேன் ஹாரன் கேட்கும்போது, அவள் சொன்னது இது:

"அத்தன இறுக்காதீங்க. புள்ளைக்குத் தலை வலிக்கும்."