எக்ஸ்-ஏழு

காலை ஒன்பதிலிருந்து பெட்டியக்கா காலிப் பெட்டிகளை அழித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து தரும் கம்பெனியில் ஆறு வருஷமாக ஒப்பந்த ஊழியர். திரையில் தெரியும் ஒவ்வொரு பக்கமும் பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டப்பட்டது. கட்டுகிற வேலை அவளுடையது. அதனால் வந்த பட்டப்பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களெல்லாம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். வரிசையில் எட்டு நாற்காலி, ஆள் அவள் ஒருத்திதான்.

நோயாளி பக்கத்தில் ஒரு பெட்டியைப் பார்த்ததும் கை நின்றது. உள்ளே ஒன்றுமில்லை. ‘எக்ஸ்-ஏழு’ என்று பெயர் மட்டும் இருந்தது. பெட்டிக்கென்று சொந்தமாக ஒரு அர்த்தமும் கிடையாது. எங்கோ யாரோ எழுதிய வேறொரு நிரல் அந்தப் பெயரைத் தேடி வந்து உள்ளே எதையாவது வைத்தால்தான் உண்டு. வருமா வராதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. எழுந்து டீம் லீடரிடம் போனாள்.

“சார், இந்த எக்ஸ்-ஏழ யாராவது தேடுவாங்களான்னு நிரல் எழுதற டீம்ல கேட்டுச் சொல்றீங்களா?”

“காலியாத்தான இருக்கு?”

“இப்போதைக்குக் காலிதான் சார்.”

“அப்புறம் என்னங்க? பக்கம் மெதுவா வருதுன்னு மேல உயிர எடுக்கறாங்க. தூக்கிப் போடுங்க. உங்கள பர்மனென்ட் பண்ணச் சொல்லி இப்பத்தான் எழுதியிருக்கேன். இழுத்தடிக்காதீங்க.”

தூக்கிப் போட்டாள். மதியம் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“பர்மனென்ட் ஆயிடும் போலம்மா.”

“இதையேதான் ஆறு வருஷமா சொல்றே.”

வேறு யாரிடமாவது சொல்லலாமே என்று செல்போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒருவரும் தேறவில்லை. தனியாகச் சாப்பிட்டு முடித்தாள்.

மூன்றாம் நாள் ஆபீஸே அல்லோலகல்லோலப்பட்டது. ஒவ்வாத மருந்து என்றால் சிவப்பில் எச்சரிக்கை வந்து நிற்கிற இடமாம் அந்த எக்ஸ்-ஏழு. இடம் இல்லாததால் எச்சரிக்கை வரவில்லை. ஒரு நோயாளிக்குப் போடக்கூடாத ஊசியைப் போட்டுவிட்டார்கள். பிழைத்ததே பெரிய பாடாம்.

“யாரு அழிச்சது?” என்றார் மேலாளர்.

“பதிவுல இவங்க பேருதான் சார் இருக்கு,” என்றார் டீம் லீடர்.

“உங்ககிட்ட கேட்டுட்டுத்தான சார் எடுத்தேன்?”

“கேட்டதுக்கு மெயில் இருக்கா?”

நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவருக்கு எவளாவது மெயில் போடுவாளா?

“மொதல்ல அதத் திருப்பிப் போடுங்க,” என்றார் மேலாளர். எங்கே போடுவதென்று அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. உட்கார்ந்து ஒரே ஒரு வரி அடித்தாள். நாற்பத்தோரு நோயாளிகளுக்கு வர வேண்டிய சிவப்பு எழுத்து, திறந்திருந்த முதல் பக்கத்தில் வந்தது. பின்னால் நின்ற கூட்டம் மூச்சு விட்டது. “நல்லவேளை, சீக்கிரம் பிடிச்சீங்க,” என்று மேலாளர் டீம் லீடரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சிறிது நேரத்தில் செக்யூரிட்டி வந்து கை நீட்டினார். “ஐடி கார்டக் கழட்டிக் குடுங்கக்கா. என்னைத் தப்பா நெனைக்காதீங்க.”

“இருங்கண்ணே, எல்லாருக்கும் வந்துடுச்சான்னு பாத்துடறேன்.”

கார்டைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டு ஒவ்வொரு நோயாளியாகத் திறந்து பார்த்தாள். இருபத்தாறாவது ஆளைத் திறந்தபோது, அவளுக்கு அனுமதி இல்லை என்று திரை சொன்னது.